ஸ்வெட்டருக்கு ஒரு கை பாக்கி

எங்கள் பக்கத்தில் ஹோம் நர்ஸ் என்றால் நர்ஸ் இல்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நர்ஸிங் படித்த பிள்ளைகள் எல்லாம் குவைத்திலோ இங்கிலாந்திலோ இருக்கிறார்கள். ஹோம் நர்ஸ் என்று வீட்டுக்கு வருகிறவர், இடுக்கியிலிருந்தோ வயநாட்டிலிருந்தோ ஏஜென்சி அனுப்பி வைக்கும் ஒரு சேச்சி. பயிற்சி என்று ஏதாவது பத்து நாள் எடுத்திருந்தால் பெரிய காரியம். முந்தின வீட்டில் வேலை பார்த்ததே பயிற்சி என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிய ஏஜென்சி ஒரு தாள் கொடுத்தது. செய்யும் வேலை: குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது, மாத்திரை கொடுப்பது, பிரஷரும் சுகரும் பார்த்து நோட்டில் எழுதுவது, ராத்திரி பக்கத்தில் படுப்பது. செய்யாத வேலை: வீடு பெருக்குவது, வேறு யாருக்கும் சமைப்பது, தோட்டத்தில் இறங்குவது. இந்த இரண்டு பட்டியலிலும் இல்லாத ஒரு வேலையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ராத்திரி சாப்பாடு வரைக்கும் அந்த வயசான மனுஷி என்ன செய்வாள்?

அம்மாவுக்கு 79 வயது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்குப் பின்னால் வீடு. நான் இங்கிலாந்தில், தங்கை மஸ்கட்டில். 2023 ஓணம் சமயத்தில் முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. அதிலிருந்து வாக்கர், அதிலிருந்து ஹோம் நர்ஸ். இதுவரை ஐந்து பேர் வந்திருக்கிறார்கள்.

விழுவதற்கு முன்னால் என் மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்திருந்தாள். (பாறசாலை வெயிலில் கம்பளி நூல் வைத்துப் பின்னுகிற கிழவி யாரடா என்று கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகள் எல்லாம் குளிர் தேசத்தில் இருக்கிற ஊர் அது :-)) மெரூன் கலர் நூல், நான் இங்கிருந்து வாங்கிக்கொண்டு போனது. முதுகுப் பக்கம் முடிந்தது, முன்பக்கம் முடிந்தது, ஒரு கை முடிந்தது. இரண்டாவது கை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வந்து ஊசியிலேயே நின்றுவிட்டது. மகளுக்கு அப்போது ஆறு வயது. இப்போது எட்டு முடிந்துவிட்டது.

முதலில் வந்த சேச்சி, நூலும் ஊசியும் இருந்த பையைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். காமிராவில் பார்த்துவிட்டு போன் போட்டுக் கேட்டேன். "சாரே, சூசி கொண்டால் ஆரு சமாதானம் பறயும்?" என்றார். ஊசி குத்தினால் யார் பதில் சொல்வது என்று. ஏஜென்சியில் கேட்டால் அவர்களும் அதையே சொன்னார்கள். பேஷண்ட் கையில் கூர்மையான சாமான் எதுவும் கொடுக்கக்கூடாதாம், அது அவர்கள் ரூலாம். ஐம்பது வருஷமாக அரிவாளும் அருவாமனையும் பிடித்த கை அது. இடுப்பு உடைந்ததும் கையும் பறிபோய்விட்டதா என்ன?

அந்த சேச்சியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. அவர் நிலைமையையும் பாருங்கள். நாங்கள் மாதம் 24,000 ரூபாய் கொடுத்தோம். அதில் ஏஜென்சி ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. 24 மணி நேர வேலை, கட்டிலுக்குக் கீழே பாய், ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். ஒரு சின்னக் காயம் பட்டாலும் அவர் வேலை போகும். அப்படிப்பட்டவர் ஊசியை எடுத்துப் பரண் மேல்தான் வைப்பார். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தைத் தவிர்ப்பதற்குத்தான் நாம் சம்பளம் கொடுக்கிறோம், அதை அவர் ஒழுங்காகச் செய்தார்.

மூன்றாவதாக வந்தவர் இடுக்கிக்காரர், நாற்பது வயதிருக்கும். வந்த மூன்றாம் நாள் அவரே அலமாரி மேலிருந்து பையை இறக்கி "இது எந்தா அம்மச்சி?" என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்குச் சாயா குடித்த பிறகு இரண்டு பேரும் திண்ணையில் உட்காருவார்கள். அம்மாவுக்குக் கண்ணில் புரை, எண்ணிக்கை தப்பும். அதனால் அம்மா பின்ன, சேச்சி கண்ணி எண்ணுவார். பின்னல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கண்ணி நழுவினால் அது கீழ் வரிசை வரைக்கும் இறங்கிக்கொண்டே போகும், அதை மேலே தூக்க இன்னொரு ஜோடி கண் வேண்டும். பதிலுக்கு அம்மா அவருக்குக் கொக்கி ஊசியில் லேஸ் போடச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது கை முழங்கை வரை இறங்கியது அந்த நாலு மாதத்தில்தான். நான் போன் பண்ணும்போது "பிறகு கூப்பிடு மக்களே, எண்ணிக்கிட்டு இருக்கோம்" என்று வைத்துவிடுவாள். மூன்று வருஷத்தில் அம்மா என் போனை வைத்தது அந்த நாலு மாதம் மட்டும்தான்.

அந்த சேச்சி இஸ்ரேலுக்குப் போய்விட்டார். அங்கே வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, சம்பளம் எங்களால் நினைத்துப் பார்க்க முடியாதது. நான் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் போகக்கூடாது என்று சொன்னால் சிரிப்பார்கள். அம்மா சொன்னாள்: "அவ போனது நல்லதுதான் மக்களே, அவளுக்கும் பிள்ளைய படிக்க வைக்கணுமில்லா. எனக்கு எண்ண ஆளில்லாமப் போச்சு, அவ்வளவுதான்."

அதன் பிறகு வந்தவர் ஜார்க்கண்ட் பெண், சின்னப் பிள்ளை, நல்ல குணம். ஹிந்தி மட்டும் தெரியும். அம்மாவுக்குத் தமிழும் மலையாளமும் ஒன்று போல, ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. இரண்டு மாதம் இரண்டு பேரும் கை ஜாடையில் குடும்பம் நடத்தினார்கள்.

பின்னுவது பொழுதுபோக்கு, கவனிப்பு என்பது வேறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்கள் பக்கத்தில் அது ஒருநாளும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், 1820களின் தொடக்கத்தில் தன் பெண் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை சர்க்கார் ஒழித்தது 1855ல். நூலும் ஊசியும் அதற்கு முன்னாலேயே சிலரை விடுவித்திருக்கிறது. பிறகு 1897ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மதர் மரி லூயிஸ் டி மீஸ்டரின் மடமும் லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தது. அம்மாவின் அம்மா காலத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் லேஸ் காசில் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டிய வீடுகள் உண்டு.

நான் சின்னப் பையனாக இருந்தபோது கல்ஃப் பணம் வந்த எல்லா வீட்டிலும் டிவி மேல் ஒரு கொக்கிப் பின்னல் விரிப்பு இருக்கும், நடுவில் பிளாஸ்டிக் பூச்சாடி. எங்கள் தெருவில் முக்கால்வாசி அம்மா போட்டுக்கொடுத்தது. சுவரில் மாட்டுகிற டிவி வந்து அந்தக் கலையைக் கொன்றது. மேலே விரிக்க இடமில்லையே!

மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் ஆந்திராவில் நரசாபூர் லேஸ் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 1982ல் வந்தது. உலகச் சந்தைக்கு லேஸ் போகிறது, வியாபாரி பணக்காரன் ஆகிறான், பின்னுகிற பெண்ணை மட்டும் 'வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறாள்' என்று கணக்கில் விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். வயசானவர்களைப் பார்த்துக்கொள்வதையும் இதே கணக்கில்தான் எழுதுகிறோம். அதனால்தான் அதற்கு ரேட்டும் இல்லை, படிப்பும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

இனி எல்லை விஷயம். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாகாணத்துக்குப் போயின. நேசமணி ஐயா கட்சி நெய்யாற்றின்கரையையும் கேட்டது, அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அம்மா பிறந்த வீடு விளவங்கோட்டில், புகுந்த வீடு நெய்யாற்றின்கரை தாலுகாவில். நடுவில் ஆட்டோவில் போனால் இருபது நிமிஷம். மாமாவுக்கு 82 வயது, தமிழ்நாட்டு ரேஷன் கார்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக அவர் வாசலுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. அம்மா கேரளா கார்டு, அவளுக்குப் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் வருகிறார். ஒரே குடும்பம், ஒரே சுகர் வியாதி, இரண்டு சர்க்கார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து களியக்காவிளையில் ரோட்டை மறித்தபோது அண்ணனும் தங்கையும் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ளவில்லை.

கேரளத்தின் பாலியேட்டிவ் ஏற்பாட்டை நான் மட்டம் தட்ட மாட்டேன். 1993ல் கோழிக்கோட்டில் ஒரு சின்னக் கிளினிக்காக ஆரம்பித்தது. 2008ல் அரசே கொள்கையாக அறிவித்தது, இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம். இன்றைக்குப் பஞ்சாயத்துக்கு ஒரு நர்ஸ் ஜீப்பில் வீடு வீடாகப் போகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மூத்திரக் குழாய் மாற்றுகிறார், புண் கட்டுகிறார், கூட ஆஷா சேச்சியும் வருவார். எங்கள் அம்மாவுக்கு மாதம் ஒரு தடவை, அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் உண்மையான நர்ஸ். மீதி மாதம்?

அந்த ஆஷா சேச்சிமார்கள் 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாசலில் வெயிலிலும் மழையிலும் எட்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களுக்கு அரசு கொடுத்த மாத ஊதியம் 7,000 ரூபாய், கேட்டது 21,000. நம் அம்மா அப்பாவின் வாசலில் வந்து நிற்கிற முதல் ஆள் அவர்கள். நம்மில் எத்தனை பேர் அந்தச் செய்தியை முழுசாக வாசித்தோம்?

ஏஜென்சிகளைக் கேட்க ஆளே இல்லையா என்றால், கேட்கலாம் என்று ஒரு மசோதா வந்தது. 2007ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்பது அதில் இருந்தது. நிறைவேறவே இல்லை, 2024ல் அந்த மக்களவையோடு காலாவதி ஆகிவிட்டது. அதே 2024 அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் காப்பீடு வந்தது. நல்லது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். வீட்டுத் திண்ணைக்குக் காப்பீடு கிடையாது. 2011 கணக்குப்படி கேரளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். 2036ல் இது 23 பக்கம் வரும், தமிழ்நாட்டிலும் 20ஐத் தாண்டிவிடும் என்று மத்திய அரசின் மதிப்பீடே சொல்கிறது. அப்போது நமக்கும் வயசாகியிருக்கும்.

"அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போயேன்" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். 2012 ஜூலையில் இங்கிலாந்து அந்த விசா விதியை மாற்றியது. பெற்றோருக்கு நீண்ட காலக் கவனிப்பு தேவை, அது அவர்கள் நாட்டில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். கேரளாவில் ஹோம் நர்ஸ் கிடைக்கிறாரே என்பார்கள். என்ன கிடைக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அந்த பாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

என் மனைவி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே 'ஆக்டிவிட்டீஸ்' என்று அதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள். செவ்வாய்க்கிழமை பின்னல் நேரம். கூடை நிறைய நூல். விரல் வளையாதவர்களுக்குத் தடிமனான மர ஊசி, கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணுவார். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவள், "இன்னைக்கு ஒரு பாட்டிக்கு இருபது கண்ணி தூக்கிக் கொடுத்தேன்" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலேயே இருக்கும் வயசானவர்களைப் பார்க்கக் கால் மணி நேரத்துக்கு ஆள் அனுப்புகிற வழக்கம் இங்கேயும் உண்டு. அரை மணிக்குக் குறையக்கூடாது என்று 2015ல் வழிகாட்டுதல் வந்தும் அந்தப் புகார் ஓயவில்லை. ஆனால் உட்கார்ந்து பேசுவதும் எண்ணுவதும் வேலைதான், அதற்குச் சம்பளம் உண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

ஆராய்ச்சி கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 70 முதல் 89 வயது வரை 1,300 பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 2011ல் வெளியிட்டார்கள். பின்னல், தையல் மாதிரி கைவேலை, புத்தகம் வாசிப்பது என்று இருந்தவர்களுக்கு ஞாபகத் தடுமாற்றம் குறைவாக இருந்தது. பின்னியதால் மூளை நன்றாக இருந்ததா, நன்றாக இருந்ததால் பின்னினார்களா என்பதை அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அது முக்கியமும் இல்லை. அம்மா ராத்திரி தூங்கினாள், அது போதும்.

நண்பர் ஒருவர் 'லூஸ் எண்ட்ஸ்' பற்றிச் சொன்னார். 2022ல் அமெரிக்காவில் ஜெனிஃபர் சிமோனிக், மேசி கேப்லன் என்ற இரண்டு தோழிகள் தொடங்கியது. இறந்து போனவர்களோ முடியாமல் போனவர்களோ பாதியில் விட்ட பின்னலை, முன்பின் தெரியாத தொண்டர்கள் வாங்கி முடித்து அந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். அருமையான காரியம், காசும் வாங்குவதில்லை. அந்த ஸ்வெட்டரையும் அனுப்பிவிடலாமே என்றார் நண்பர். மாட்டேன் என்றேன். அம்மா இருக்கிறாள். அவளுக்கு ஸ்வெட்டரை முடித்துத் தர ஆள் வேண்டாம், எண்ணிச் சொல்ல ஆள் வேண்டும்.

அதனால் போன வருஷம் நாங்கள் செய்தது இது. முதலில் கண் புரை ஆபரேஷன். இதைத் தள்ளிப் போடாதீர்கள், கண் தெரியாதவருக்கு எந்த ஹோம் நர்ஸ் வந்தும் பாதிப் பயன்தான். இரண்டாவது, முனை மழுங்கின மூங்கில் ஊசி வாங்கி அனுப்பினேன், அதோடு ஏஜென்சியின் ரூலுக்கு வேலை இல்லாமல் போனது. மூன்றாவதுதான் முக்கியம். ஹோம் நர்ஸ் தவிர, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வாரம் நாலு நாள் மத்தியானம் இரண்டு மணி நேரம் வருகிறார். முன்பு லேஸ் பின்னிய கை. தமிழ் பேசுவார், அம்மாவோடு சண்டையும் போடுவார். மாதம் 5,000 ரூபாயும் ஆட்டோ காசும். "சும்மா உட்கார்ந்து பேசிட்டுப் போறதுக்கு ஐயாயிரமா?" என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார். அவர் வீட்டில் காமிரா நாலு இருக்கிறது.

இதைக் காசு இருக்கிறவன் ஏற்பாடு என்று சொல்வீர்கள். சரிதான். பாறசாலை, காரோடு, குன்னத்துகால், வெள்ளறடை என்று எல்லை நெடுகப் பிள்ளைகள் யாரும் வெளிநாட்டில் இல்லாத வீடுகளும் இருக்கின்றன, அங்கே ஐயாயிரம் என்பது பென்ஷனைவிடப் பெரிய தொகை. குடும்பஸ்ரீ 2018லேயே 'ஹர்ஷம்' என்று வயசானவர்களைக் கவனிக்கப் பெண்களைப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்யத் தொடங்கியது. அந்த மாதிரி ஆட்களைப் பஞ்சாயத்து சம்பளத்தில் வாரம் இரண்டு நாள் அனுப்பலாம், எல்லைப் பஞ்சாயத்துகளில் தமிழ் தெரிந்தவர்களாகப் பார்த்து எடுக்கலாம். 2025ல் கேரளச் சட்டமன்றம் முதியோருக்கென்று ஆணையம் அமைக்கச் சட்டம் போட்டது. அதற்கு எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன், ஊர்ச் சங்கத்துப் பேரில் எழுதினால் இன்னும் நல்லது. யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா?

ஸ்வெட்டர் இப்போது பிரிந்து கிடக்கிறது. மகளின் புது அளவு கேட்டு, முன்பக்கமும் முதுகும் பத்தாது என்று அம்மாவே உருவிவிட்டாளாம். முடிந்த கையை மட்டும் வைத்திருக்கிறாள், நீளம் பார்ப்பதற்கு. "நூல் போதாது மக்களே, அதே மெரூன் ரெண்டு பந்து வேணும்" என்றாள். அந்தக் கலர் கம்பெனியில் நிறுத்திவிட்டார்களாம், தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்? எந்த ஊர், என்ன சம்பளம், ஆள் எத்தனை மாதம் நின்றார்? ஏஜென்சி பேர் எல்லாம் வேண்டாம், விவரம் மட்டும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.